செத்த செட்டு

பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் ஒரு பொருள் எதுவரை அதே பொருளாக இருக்கும் என்பது தத்துவத்தில் பழைய கேள்வி. கிரேக்கர்கள் அதைத் தீசியஸின் கப்பலை வைத்துக் கேட்டார்கள். மிலிந்த பன்ஹாவில் நாகசேனர் மன்னன் மிலிந்தனிடம், நீ ஏறி வந்த ரதம் எது, அச்சா, சக்கரமா, நுகத்தடியா என்று மடக்குகிறார். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் கொஞ்சம் குறும்பாக இன்னொரு முடிச்சைப் போட்டார். கழற்றிப்போட்ட பழைய பலகைகளை எல்லாம் ஒருவன் பத்திரமாகச் சேர்த்துவைத்து அதே வரிசையில் இன்னொரு கப்பலைக் கட்டினால் இரண்டில் எது அசல்?

கல்லூரியில் இதையெல்லாம் முதன்முதலாகப் படித்தபோது பிரமிப்பாக இருந்தது. வால்வு ரேடியோக்களைச் சரிசெய்ய உட்கார்ந்த பிறகு, இந்த விவாதம் முழுவதிலும் ஒரு ஓட்டை இருப்பதாகப் படுகிறது. பழைய பலகை எங்கே போனது என்று ஹாப்ஸ் கேட்டார், சரி. புதுப் பலகை எங்கிருந்து வந்தது? காட்டில் மரம் இருக்கிறது, வெட்டினால் பலகை கிடைக்கும் என்று எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். அதனால் கேள்வி முழுக்க வாங்கிக்கொள்ளும் கப்பலைப் பற்றியதாகவே இருக்கிறது. பழைய ரேடியோவில் காடு கிடையாது. ஒரு செட்டுக்குத் தேவைப்படும் பலகை இன்னொரு செட்டில்தான் இருக்கிறது. கொடுக்கிற கப்பல் மூழ்கித்தான் ஆகவேண்டும்.

எல்லா பாகமும் அப்படி இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுபது வருடப் பழைய செட்டைத் திறந்தால் உள்ளே இருப்பவற்றில் பாதிக்கு இன்றும் கடையில் மாற்று கிடைக்கும். காகிதக் கண்டென்சர்கள் மெழுகு கசிந்து, ஈரம் குடித்து, நேர்மின்சாரத்தை விடக் கூடாத இடத்தில் விட ஆரம்பித்திருக்கும். எலக்ட்ரோலிட்டிக்குகள் காய்ந்திருக்கும். கார்பன் ரெசிஸ்டர்கள் தங்கள் மதிப்பிலிருந்து மேலே ஏறியிருக்கும். இதற்கெல்லாம் புதுசு வாங்கிக்கொள்ளலாம், சென்னை ரிச்சி தெருவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம். இந்த வகையில் ஒரு கண்டென்சரை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு முன்னால் நிற்பது. முந்தைய வால்வின் ஆனோடில் இருக்கும் உயர் வோல்டேஜை மறித்து, ஒலியை மட்டும் கடத்திவிடுவதுதான் அதன் வேலை. அது கசிய ஆரம்பித்தால் கிரிட்டில் பாசிட்டிவ் ஏறும், அவுட்புட் வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும், கடைசியில் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரின் தலைமுடி போன்ற கம்பி எங்கோ ஓரிடத்தில் எரிந்து அறுந்துபோகும். பத்துப் பதினைந்து ரூபாய் சாமான், கடையில் கிடைக்காத ஒன்றைக் கொன்றுவிடுகிறது. பழைய செட்டை வாங்கியதும் பாட்டு வருகிறதா பார்ப்போம் என்று நேராக பிளக்கில் செருகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கடையில் கிடைக்காதவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர், ஐ.எஃப். காயில்கள், பேண்ட் சுவிட்ச், ஊர்ப்பெயர்கள் அச்சடித்த டயல் கண்ணாடி, பேக்கலைட் நாப், சில வால்வுகள், மேஜிக் ஐ. இவற்றில் எது போனாலும் இன்னொரு செட்டை நோக்கித்தான் கண் போகும்.

இன்னொரு செட்டிலிருந்து எடுப்பதற்கு முன், எடுப்பது என்னவென்று தெரியவேண்டுமே. எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி அதுதான். ஐரோப்பிய வால்வுகளின் பெயர் ஒரு சின்ன இலக்கணம். ஈசிஎச் 81 என்றால், 'ஈ' என்பது 6.3 வோல்ட் ஹீட்டர், 'சி' ஒரு ட்ரையோடு, 'எச்' ஒரு ஹெப்டோடு, எட்டில் தொடங்கும் எண் என்பதால் ஒன்பது கால் நோவல் சாக்கெட். ஈஎல் 84இல் 'எல்' என்பது அவுட்புட் பென்டோடு. முதல் எழுத்து 'யு' என்று இருந்தால் 100 மில்லியாம்பியர் தொடரில் கோர்ப்பது, பெரும்பாலும் ஏசி டிசி செட். அதில் சேசிஸே மெயின்ஸோடு இணைந்திருக்கும், தொட்டால் ஆள் காலி. மூன்றில் தொடங்கினால் ஆக்டல், நான்கு என்றால் ரிம்லாக். அமெரிக்கர்களுக்கு வேறு கணக்கு. அவர்களின் 6பிக்யூ5தான் இவர்களின் ஈஎல் 84. முதல் எண் ஹீட்டர் வோல்டேஜ் என்பதைத் தவிர அமெரிக்கப் பெயரிலிருந்து அதிகம் கறக்க முடியாது.

பெயர் அழிந்துபோன வால்வு வந்தால்? துடைக்கக் கூடாது, முதல் விதி. மிச்சமிருக்கும் மையும் தூசியோடு வந்துவிடும். கண்ணாடிமேல் வாயால் ஊதி, ஆவி படிந்த கணத்தில் பக்கவாட்டில் வெளிச்சம் காட்டினால் மை இருந்த இடம் மட்டும் வேறு மாதிரி மங்கும். ஒரு வினாடிக்குப் பெயர் தெரிந்து மறையும். அதுவும் வரவில்லை என்றால் உள்ளே எத்தனை தகடுகள், கால்களில் எந்த இரண்டுக்கு நடுவே ஹீட்டர் என்று பார்த்து ஊகிக்க வேண்டும். உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது, பெயரைத் தேடி என்ன பயன். ட்ரான்ஸ்பார்மருக்குப் பெயரே கிடையாது. பிரைமரியில் 6.3 வோல்ட் ஏசி கொடுத்து, ஸ்பீக்கர் பக்கம் 0.15 வோல்ட் வந்தால் விகிதம் 42. அதை இரண்டாம் அடுக்காக்கி 3 ஓம் ஸ்பீக்கரால் பெருக்கினால் ஐயாயிரத்து முந்நூறு ஓம் பக்கம் வரும். ஈஎல் 84 கேட்பது கிட்டத்தட்ட அதுதான், ஆகவே பொருந்தும். (தலைகீழாக ஸ்பீக்கர் பக்கம் கொடுத்துவிட்டால் மறுபுறம் 260 வோல்ட் கையைக் கடிக்கும்.) பழைய ரெசிஸ்டர்களில் இப்போதைய பட்டைகள் கிடையாது. உடல் நிறம் முதல் எண், முனை நிறம் இரண்டாவது, நடுவில் உள்ள புள்ளி எத்தனை சைபர் என்று சொல்லும். மஞ்சள் உடல், ஊதா முனை, ஆரஞ்சுப் புள்ளி என்றால் 47 ஆயிரம் ஓம்.

இப்படித் தேடும்போது 'அசல்' என்ற சொல்லும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் காண்கிறது. ஒரு கம்பெனி செட்டில் அந்தக் கம்பெனி பெயர் போட்ட வால்வு இருந்தால் அசல் என்று சேகரிப்பாளர்கள் சந்தோஷப்படுவார்கள். வால்வின் கண்ணாடியில் பிலிப்ஸ் குழுமம் பொறித்த சின்னக் குறியீடு ஒன்று இருக்கும். முக்கோணம் இருந்தால் நெதர்லாந்தின் ஹேர்லன் ஆலை, 'பி' என்று இருந்தால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன். மேலே அச்சடித்த பெயர் வேறு யாருடையதாகவும் இருக்கலாம். கம்பெனிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கித் தங்கள் பெயரை அடித்து விற்றன, அது அன்று சாதாரண வியாபாரம். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸும் வால்வு செய்தது. பல செட்டுகளில் அவைதான் இரண்டாம் வாழ்க்கையில் உட்கார்ந்திருக்கின்றன. அசல் என்று நாம் எதைச் சொல்கிறோம், மையையா, கண்ணாடியையா?

என் தொழில் மென்பொருள் எழுதுவது. அங்கே 'மறுபயன்பாடு' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் மட்டும்தான் உண்டு. யாரோ எழுதிய நூலகத்தை நான் என் நிரலில் இழுத்துக்கொண்டால் அவருடைய நிரலில் ஒரு வரிகூடக் குறையாது. பாகம் என்றால் அதன் இடைமுகம்: என்ன கொடுத்தால் என்ன திருப்பித் தரும் என்பது பொருந்தினால் போதும், எங்கே பிறந்தது, யார் கை பட்டது என்பது கணக்கே இல்லை. பத்து வருடம் அப்படியே யோசித்த மூளைக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடித்ததும் முதல் அதிர்ச்சி, இங்கே நகல் எடுக்க முடியாது, பிடுங்கத்தான் முடியும் என்பது. பிடுங்கிய இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்துக்கு யாராவது கணக்குச் சொல்லவேண்டும் இல்லையா? என் துறையில் அப்படி ஒரு கணக்கை யாரும் கேட்டதில்லை, அதனால்தானோ என்னவோ எங்களுக்கு அந்தத் தசை வளரவே இல்லை.

இதெல்லாம் பேச்சாக இருந்தவரை சுலபமாக இருந்தது. பாளையங்கோட்டையில் என் நண்பனின் அப்பாவிடம் ஒரு வால்வு செட் உண்டு. தேக்கு வெனீர் போட்ட கேபினட், முன்பக்கம் நெய்த துணி, டயலில் சிலோன். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தென்மாவட்டங்களில் சொந்த வீட்டுக்குரல் மாதிரி கேட்ட காலம் முழுவதும் அது ஓடியிருக்கிறது. இப்போது நான் மேலே சொன்ன அதே நோய், பிரைமரி அறுந்த அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர். மேஜிக் ஐயும் மங்கிவிட்டது. அவர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. "நேரம் கெடச்சா பாருங்க தம்பி, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். எழுபத்தெட்டு வயதுக்காரர் அவசரமில்லை என்று சொல்லும்போது அதில் அவசரம் இருக்கிறது.

கொஞ்ச நாளில் அதே மாடல் இன்னொரு செட் ஒரு பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைத்தது. கேபினட்டின் ஒரு பக்கம் கரையான் அரித்து மண்ணாக உதிர்கிறது. டயல் கண்ணாடி பாதி இல்லை. ஆனால் சேசிஸ் முழுசு, ட்ரான்ஸ்பார்மருக்கு மீட்டர் ஒழுங்காக அளவு காட்டுகிறது. எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஒன்றில் உடல் நன்றாக இருக்கிறது, இன்னொன்றில் உள்ளுறுப்பு. சேர்த்தால் ஒரு முழு செட்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. இப்போது அவரிடம் வருவதெல்லாம் மிக்ஸியும் எல்இடி பல்பும்தான். இரண்டு செட்டையும் அவர் மேஜையில் வைத்தேன். அவர் கரையான் செட்டை சீரிஸ் லாம்பில் போட்டார். பல்பு பிரகாசமாக எரிந்து மெல்ல மங்கியது, ஷார்ட் இல்லை என்று அர்த்தம். ஒரு நிமிஷத்தில் ஹம். ஒரு துண்டு வயரை ஏரியலில் செருகி கேங்கைத் திருப்பினார். எங்கோ அடியில் ஒரு குரல், என்ன மொழி என்று தெரியாத அளவுக்கு மெலிதாக.

"ஓடுதுல்லா தம்பி. ஓடுற செட்ட எதுக்குப் பிரிக்கச் சொல்லுதிய?"

ஓடுகிற செட்டைப் பிரிக்க மாட்டார். ஓடவே முடியாததைத்தான் பிரிப்பார். கடை வைத்த நாளிலிருந்து இதுதான் வழக்கமாம். நான் விவாதம் செய்தேன், இன்றும் அந்த விவாதத்தில் எனக்குப் பாதி நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஓடுவது என்பதை ஏன் அளவுகோலாக வைக்கவேண்டும்? பாளையங்கோட்டை செட்டுக்கு முன்னால் ஒரு குடும்பம் நாற்பது வருடம் உட்கார்ந்திருக்கிறது. எடைக்கு வந்த செட்டைத் தேடி யாரும் வரப்போவதில்லை. ஒரு பொருளின் மதிப்பு அதை மதிக்கிறவர்களிடம் இருக்கிறது என்றால், மதிக்க ஆளில்லாத பொருளை எடுத்து மதிக்கப்படும் பொருளுக்குக் கொடுப்பதில் யாருக்கு நஷ்டம்?

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. டார்ச் எடுத்து கரையான் அரிக்காத பக்கத்துப் பலகையின் உள்புறத்தைக் காட்டினார். பென்சிலில், சாய்ந்த கையெழுத்தில், 1971இல் ஒரு தேதி. கண்டென்சர் மாற்றியது. கீழே இன்னொரு கை, 1978, வால்வு மாற்றியது. அப்போதுதான் கவனித்தேன், அந்த ஈசிஎச் 81 மற்ற வால்வுகளின் பிராண்ட் இல்லை. சாக்கெட்டுக்கு அடியில் ஒரு ரெசிஸ்டரின் கால்களில் இரண்டு தடவை ஈயம் பற்றவைத்த தடம். வேறெங்கோ இருந்து கழற்றிக் கொண்டுவந்தது. நான் கொடையாளி என்று முடிவு கட்டிய செட் ஏற்கெனவே இன்னொரு செட்டிடமிருந்து வாங்கிக்கொண்டது. அதை யாரோ ஓடவைக்கப் பாடுபட்டிருக்கிறார், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

இதை உணர்ச்சிவசப்பட்டு எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பென்சில் கையெழுத்து இல்லாத செட்டாக இருந்திருந்தால் பிரிக்கலாமா என்று உடனே எதிர்க்கேள்வி வரும், வரவும் வேண்டும். என்னை உறுத்தியது வேறு. அந்தச் செட் செத்துவிட்டது என்று தீர்மானித்தவன் யார்? அதன் ட்ரான்ஸ்பார்மர் தேவைப்பட்டவன். ஒரு பாகம் வேண்டும் என்று அலைகிற கண்ணுக்கு எந்தச் செட்டும் செத்த செட்டாகத்தான் தெரியும்.

மருத்துவத்தில் இதற்குத் தீர்வு கண்டிருக்கிறார்கள். மனித உடலை ரேடியோவோடு ஒப்பிடுவது அளவுக்கு மீறியது என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். இந்தியாவில் 1994ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டம்தான் மூளைத்தண்டு மரணத்தை அங்கீகரித்தது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்று தரவேண்டும். உறுப்பை எடுத்துப் பொருத்துகிறவர்கள் மரணத்தைச் சான்றளிப்பவர்களாக இருக்கக் கூடாது என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறி. 2008க்குப் பிறகு தமிழ்நாட்டில் உறுப்புக்கொடை ஓர் ஒழுங்கோடு வளர்ந்ததற்கு, இந்த இரண்டு கைகளும் வேறு வேறு என்று ஜனங்கள் நம்பியதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இறந்தது எப்போது என்று சொல்லும் வாய்க்கு அந்த இறப்பால் லாபம் இருக்கக் கூடாது. எவ்வளவு எளிய யோசனை! ஆனால் ஒரு தனி மனிதன் தன் வீட்டு மேஜையில் இரண்டு செட்டை வைத்துக்கொண்டு உட்காரும்போது சான்று தருபவனும் அவன்தான், கத்தி எடுப்பவனும் அவன்தான். அண்ணாச்சியின் 'ஓடுதா' என்ற கேள்வி தத்துவமாகப் பார்த்தால் ஓட்டையானது. அளவுகோலாகப் பார்த்தால், என் ஆசையால் வளைக்க முடியாத ஒன்று. பல்பு மங்குகிறதா இல்லையா என்பதை நான் பேசிச் சரிக்கட்ட முடியாது. அவர் விதியின் பலம் அதில்தான் இருக்கிறது.

என் ஆசை ஒரு கிழவரின் செட்டை ஓடவைப்பதோடு நின்றுவிடுகிறது. சந்தையின் ஆசை அப்படியில்லை. ஈஎல் 84க்கும் ஈசிசி 83க்கும் கிட்டார் வாசிப்பவர்களிடம் பெரிய கிராக்கி. வாக்ஸ் ஏசி 30 போன்ற ஆம்ப்ளிஃபையர்களின் குரலே அந்த வால்வுகளில்தான் இருக்கிறது. அதனால் நல்லபடி ஓடிக்கொண்டிருக்கும் ரேடியோவிலிருந்து அந்த ஒரு வால்வை உருவிக்கொண்டு மீதியைக் குப்பையில் போடுவது உலகம் முழுக்க நடக்கிறது. டெலிபுங்கன் என்றால் இன்னும் விலை. அடிக்கண்ணாடியில் ஒரு சின்ன வைரக்கட்டம் பதிந்திருக்கும், அது இல்லாத வால்வுக்கும் பெயரை மட்டும் அச்சடித்து விற்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டும் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. ரேடியோவுக்கு மட்டுமே உதவும் ஈசிஎச் 81ஐ யாரும் செய்வதில்லை, அதைச் சீண்டுவாரும் இல்லை. தேவை இருக்கும் பாகத்துக்காகக் கொல்லப்பட்ட செட்டின் தேவையில்லாத பாகங்கள்தான் அடுத்த செட்டைக் காப்பாற்ற வேண்டியவை, அவை குப்பைக்குப் போய்விடுகின்றன.

பயன்படுத்தப்படாத பழைய சரக்கு, பெட்டி பிரிக்காத வால்வு கிடைத்தால் இந்தத் தர்மசங்கடம் இல்லை என்று நினைப்போம். மேஜிக் ஐ அதைக் கெடுக்கிறது. நிலையம் சரியாக மாட்டியதும் பச்சை இதழ்கள் விரியும் அந்தக் கண்ணின் உள்பூச்சு ஒளிரும்போதே தேய்கிறது. எவ்வளவு மணி நேரம் ஓடியதோ அவ்வளவு மங்கல், திரும்ப ஏற்ற வழியில்லை. பெட்டி பிரிக்காத ஒன்றை இன்று பொருத்தினால் நாளைய ஒருவருக்குரிய பச்சையை நான் எரிக்கிறேன். பி.பி.சி.யின் டிராய்ட்விச் நெட்டலை அலைபரப்பியில் இருந்த பிரம்மாண்ட வால்வுகளில் உலகில் பத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன என்று 2011இல் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஒலிபரப்பு நிற்பதும் நிற்காததும் அலமாரியில் எத்தனை கண்ணாடிக் குடுவை இருக்கிறது என்பதைப் பொறுத்தது! மேஜிக் ஐயை மங்கலாகவே விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். இருட்டு அறையில் தெரியும். நண்பனின் அப்பா அதைத்தான் விரும்பினார். "எனக்கும் இப்ப கண்ணு அப்படித்தான் இருக்கு" என்றார்.

கண்டென்சர்களில் வேறொரு கேள்வி காத்திருந்தது. அவற்றுக்குக் கொடையாளி தேவையில்லை, ஆனால் புது மஞ்சள் பாலியஸ்டர் பொட்டலங்களைப் பழைய பழுப்புக்கு நடுவே வைத்தால் கண்ணை உறுத்தும். இதற்கு ஒரு வித்தை உண்டு. பழைய காகிதக் குழாயைச் சூடாக்கி மெழுகை உருக்கி, உள்ளே இருப்பதை உருவிவிட்டு, புதுக் கண்டென்சரை உள்ளே வைத்து அதே மெழுகால் அடைப்பது. வெளியே 1960, உள்ளே போன மாதம். சிலர் இதைக் கலை என்கிறார்கள், சிலர் மோசடி என்கிறார்கள்.

1964ஆம் வருட வெனிஸ் சாசனம் பழைய கட்டடங்களைப் பற்றி இதற்கு ஒரு பதில் சொல்கிறது: புதிதாகச் சேர்த்தது முழுமையோடு இசைந்து இருக்கவேண்டும், ஆனால் எது புதிது என்று பிரித்தறியவும் முடியவேண்டும். இல்லாவிட்டால் அது வரலாற்றுச் சாட்சியத்தைப் பொய்யாக்குகிறது. நம் கோயில் திருப்பணி வேறு இடத்திலிருந்து யோசிக்கிறது. வேலை தொடங்கும் முன் பாலாலயம் செய்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கோ அத்திப்பலகைக்கோ மாற்றி வேறிடத்தில் வைத்துவிடுகிறார்கள். அதன்பின் கோபுரத்தில் சுதை புதிதானால் என்ன, வண்ணம் மாறினால் என்ன, கோயிலைக் கோயிலாக்குவது பத்திரமாகச் சன்னதிக்கு வெளியே இருக்கிறது. அதனால் புதுசைப் புதுசு என்று காட்ட வேண்டிய கட்டாயமே அங்கு இல்லை. தொல்லியலாளருக்குக் கல்தான் ஆதாரம், பக்தருக்குக் கல் இருப்பிடம். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வது இதனால்தான். இருவர் சொல்வதும் தத்தம் இடத்தில் சரி.

ரேடியோ இந்த இரண்டில் எது? ஓடும்போது அது கோயில் மாதிரி. குரல் வந்தால் போதும், எந்தக் கண்டென்சர் என்று யார் பார்க்கப்போகிறார்கள். அணைத்துவைத்தால் அது ஆவணம். அடுத்து திறக்கிறவனுக்கு உண்மை தெரியவேண்டும். முக்கியமாக, அவன் பழைய குழாயைப் பார்த்து உள்ளே கசிகிறது என்று நினைத்து வெட்டி எறிந்துவிடக் கூடாது, அல்லது 'இத்தனை வருடமாகக் கசியாமல் இருக்கிறதே' என்று தப்புக் கணக்குப் போடக் கூடாது. குழாய்க்குள் ஒளித்துவைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பலகையின் உள்பக்கம் பென்சிலில் எழுதிவிடவேண்டும். எழுபத்தொன்றில் அந்தப் பெயர் தெரியாத மெக்கானிக் செய்தது வெனிஸ் சாசனத்தைவிட எனக்கு நெருக்கமாக இருக்கிறது. யாரும் கேட்காமல், கூலியில் சேராமல், திறக்கிறவனுக்காக எழுதிவைத்தார்.

ட்ரான்ஸ்பார்மருக்கு வருகிறேன். ஓடுகிற செட்டைப் பிரிக்க மாட்டார், ஓடாத செட் கையில் இல்லை. அப்படியானால் பாளையங்கோட்டை செட் சும்மா கிடக்கட்டுமா என்று கேட்டேன். "சுத்தச் சொல்லலாம்லா" என்றார் அண்ணாச்சி, இதை ஏன் இவன் இன்னும் கேட்கவில்லை என்கிற மாதிரி. எரிந்ததன் இரும்புத் தகடுகளும் பாபினும் நன்றாகத்தான் இருக்கின்றன. கம்பிதான் போய்விட்டது. டவுனில் ஃபேன் மோட்டாரும் பம்ப்செட் மோட்டாரும் சுற்றும் வைண்டிங் கடை ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடைக்காரர் தடித்த கம்பிக்குப் பழகிய கை, இந்த மயிரிழையைப் பார்த்து முகம் சுளித்தார். எரிந்த பிரைமரியைக் கைச் சக்கரத்தில் பின்னோக்கிச் சுற்றி எண்ணினார். மூவாயிரத்துக்கு ஒட்டி வந்தது. நடுவில் கம்பி அறுந்து அறுந்து வந்ததால் ஐம்பது முன்னேபின்னே இருக்கும் என்றார். ஸ்பீக்கர் பக்கம் எழுபத்தொன்று. என் 42க்கு அது சரியாகவே வந்தது. சுற்றிக் கொடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டார், இரண்டு தடவை கம்பி அறுந்து முதலிலிருந்து தொடங்கினார். கேட்ட கூலி, நான் எடைக்கு வாங்கிய செட்டின் விலையைப் போல மூன்று மடங்கு.

அந்தக் கணக்கைப் பார்த்தால் 'கிடைக்காத பாகம்' என்ற என் பட்டியலையே மறுபடி எழுதவேண்டியிருக்கிறது. ட்ரான்ஸ்பார்மர் கிடைக்காத பொருள் இல்லை, செய்ய ஆள் வேண்டிய பொருள். இன்னொரு செட்டைப் பிரிப்பது மலிவாக இருந்ததற்குக் காரணம், அதைச் செய்த பழைய ஆட்களின் உழைப்பு ஏற்கெனவே அதற்குள் சுற்றிவைக்கப்பட்டிருந்தது, அதற்கு எடைக்கடையில் யாரும் விலை போடுவதில்லை. ஐ.எஃப். காயிலையும் இப்படிச் சுற்றலாம், பொறுமை இருந்தால். நாப்புக்கு அச்சு எடுத்து ரெசினில் வார்க்கிறார்கள். பேண்ட் சுவிட்சைப் பெரும்பாலும் ஸ்பிரிட் விட்டுத் துடைத்தாலே பிழைத்துக்கொள்ளும். ஆனால் எல்லாவற்றையும் இப்படிச் சொல்லித் தப்பிவிட முடியாது. ஈசிஎச் 81இன் வெற்றிடத்தை எந்த வைண்டிங் கடையிலும் செய்ய முடியாது. மேஜிக் ஐயின் பச்சையையும்.

சென்னையில் 1924இல் ஒரு ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1927இல் பணமில்லாமல் நிறுத்திக்கொண்டது. தன் அலைபரப்பியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தது. 1930இலிருந்து மாநகராட்சி அதை வைத்து ஒலிபரப்பியது, 1938இல் அகில இந்திய வானொலி வரும்வரை. இந்த ஊரின் வானொலி வரலாறே ஓர் அணைந்த செட்டை இன்னொரு கை வாங்கிக்கொண்டதில்தான் நின்றிருக்கிறது. அங்கே கொடுத்தவர் தன் கையால் கொடுத்தார், வாங்கியவர் முழுசாக வாங்கினார். பிரித்துக் கொடுக்கவில்லை.

பாளையங்கோட்டை செட் இப்போது ஓடுகிறது. பகலில் ஃபேன் ரெகுலேட்டர்களும் செல்போன் சார்ஜர்களும் போடும் இரைச்சலுக்கு நடுவே ஒன்றும் தேறாது. சாயங்காலத்துக்குமேல் மீடியம் வேவில் கடல் தாண்டி ஏதாவது வரும், பெரும்பாலும் அவருக்குப் புரியாத மொழிகளில். அவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உள்பலகையில் தேதி, ட்ரான்ஸ்பார்மர் சுற்றியது, எத்தனை சுற்று, எந்த எந்தக் குழாய்க்குள் புதுசு இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். வைண்டிங் கடைக்காரர் தன் பெயரைப் போடவேண்டாம் என்றுவிட்டார், "நாளைக்கு எரிஞ்சா என்னயத்தானே சொல்லுவாவ."

கரையான் செட் அண்ணாச்சி கடையின் மேல் அலமாரியில் இருக்கிறது. பழைய கதவு ஒன்றின் தேக்கை இழைத்து ஒரு பக்கத்துக்குப் பலகை போட்டாயிற்று. டயல் கண்ணாடிதான் பாக்கி. அதை யாரும் சுற்றித் தர முடியாது, அச்சடிக்கலாம், ஆனால் அந்த எழுத்து வராது. அதே மாடலில் ஓடவே முடியாத ஒரு செட் எங்காவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்தால் முதலில் அண்ணாச்சியின் சீரிஸ் லாம்புக்குத்தான் போகவேண்டும்.